கிராம்ப்ஸில் நம் குடும்பத்தை ஏற்றும்போது இடிக்கிற இடங்கள்

கிராம்ப்ஸ், குடும்ப மரம் போடுவதற்காக 2001-லிருந்து வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், காசு கிடையாது, எல்லாத் தகவலும் உங்கள் கணினியிலேயே இருக்கும். குடும்ப விஷயத்தைக் கொண்டுபோய் ஊர்பேர் தெரியாத சர்வரில் ஏற்ற மனசில்லாதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதைக் கட்டியவர்கள் மனதில் இருந்தது பரம்பரைக் குடும்பப்பெயர் உள்ள, ஐரோப்பியத் தேதியில் பிறந்து, சொந்தத்துக்குள் கட்டாத குடும்பம். நம் குடும்பத்தை அதற்குள் ஏற்றும்போது வருகிற சிக்கலில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கிறது. பெட்டியில் அடங்கவில்லை என்பதற்காகப் பாட்டி சொன்னதை வெட்டாதீர்கள், கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் உள்ளேயே வழி இருக்கிறது. கீழே உங்கள் சிக்கல் எதுவோ அதை மட்டும் தேடிப் படித்தால் போதும். பதிப்புக்குப் பதிப்பு மெனு கொஞ்சம் இடம் மாறும், பெயர்கள் பெரும்பாலும் அதேதான்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஃபேமிலி ட்ரீஸ் மெனுவில் மேக் பேக்கப் போய், படங்களையும் சேர்த்து ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கீழே படிக்க வேண்டாம்.

பேரனைச் சேர்த்தால் கொள்ளுத்தாத்தா பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது

கருப்பையா மகன் முத்தையா, முத்தையா மகன் செல்வம், செல்வம் மகள் கவிதா என்று வைத்துக்கொள்வோம். முத்தையாவுக்கு சர்நேம் பெட்டியில் "கருப்பையா" என்று போட்டிருப்பீர்கள், அது நியாயம்தான். அடுத்து முத்தையாவுக்குப் பிள்ளை சேர்க்கும்போது கிராம்ப்ஸ் அப்பாவின் சர்நேமைப் பிள்ளைக்கும் இழுத்துக்கொண்டு வந்து "செல்வம் கருப்பையா" என்று நிரப்பிவிடும். கவனிக்காமல் விட்டால் கவிதாவும் கருப்பையா ஆவாள், மூன்று தலைமுறை தாண்டியதும் யாருக்கு யார் அப்பா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

எடிட் மெனுவில் ப்ரிஃபரன்சஸ் திறந்து, சர்நேம் கெஸ்ஸிங் என்ற இடத்தைத் தேடி, நன் (None) என்று மாற்றுங்கள். ஐஸ்லாந்து முறை என்று ஒன்றும் அங்கே இருக்கும். அங்கேயும் அப்பா பெயர்தானே வால் என்று ஆசையாக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது பெயருக்குப் பின்னால் அவர்கள் மொழி விகுதியையும் சேர்த்துவிடும்.

அப்புறம் ஒவ்வொருவருக்கும் பெயர்த் திருத்தியில் சர்நேமுக்குப் பக்கத்தில் ஆரிஜின் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பேட்ரோனிமிக் தேர்ந்தெடுத்தால், இது குடும்பப்பெயர் இல்லை, தகப்பன் பெயர் என்று மென்பொருளுக்குத் தெரியும். இனிஷியலை மட்டும் போடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். "மு. செல்வம்" என்று எழுதி வைத்தால் ஐம்பது வருஷம் கழித்துப் பார்ப்பவருக்கு அந்த மு. முத்தையாவா, முருகேசனா, முனியாண்டியா என்று எப்படித் தெரியும்? முழுப் பெயரையும் உள்ளே போடுங்கள். காட்டும்போது எப்படிக் காட்ட வேண்டும் என்பதை நேம் ஃபார்மேட்டில் தனியாக மாற்றிக்கொள்ளலாம், அப்பா பெயரை முன்னால் கொண்டுவரவும் முடியும்.

கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்களுக்குப் பிறந்த பெயரை முதன்மையாக வைத்து, மாறியதை நேம்ஸ் தாவலில் மேரீட் நேம் வகையாகச் சேர்த்துவிடுங்கள். கணவர் பெயரைக் கொண்டு பிறந்த பெயரை அழித்துவிட்டால் அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டுக்கான நூல் அங்கேயே அறுந்துபோகும். வீட்டில் கூப்பிடுகிற பெயருக்கு நிக்நேம் பெட்டி இருக்கிறது. பல வீடுகளில் "பெரியபாப்பா" என்றால்தான் யாரென்று தெரியும், ரேஷன் கார்டில் உள்ள பெயர் பேரப்பிள்ளைகளுக்கே தெரியாது.

எல்லோரும் ஒரே தலைப்புக்குக் கீழே குவிந்து கிடக்கிறார்கள்

சர்நேமைக் காலியாக விட்டவர்களுக்கு வருவது இது. ஆட்கள் பட்டியல் சர்நேம்படி குழுவாகக் காட்டப்படுவதால், சர்நேம் இல்லாத அத்தனை பேரும் ஒரே குவியலாக நிற்பார்கள். பீப்பிள் பகுதியில் குழு இல்லாத பட்டியலுக்கு மாறினால் தீர்ந்தது. குழுவாகவே வேண்டும் என்றால் பெயர்த் திருத்தியில் குரூப் ஆஸ் என்ற பெட்டியில் வீட்டுப் பெயரையோ பூர்வீக ஊரையோ போடுங்கள், பெயர் மாறாது, குழு மட்டும் மாறும்.

தேதியைப் போட்டால் எச்சரிக்கைக் குறி வருகிறது, வயது கணக்கிட மறுக்கிறது

நீங்கள் அடித்ததைத் தேதியாகப் புரிந்துகொள்ள முடியாவிட்டால், கிராம்ப்ஸ் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். பார்க்க எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், ஆனால் வயதும் வராது, வரிசையும் வராது. எளிய காரணம் 5/6/1961 என்று அடிப்பது, அது ஜூன் 5 ஆ மே 6 ஆ என்பது கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து மாறும். 1961-06-05 என்று வருஷம் முன்னால் வரும்படி அடித்தால் எப்போதும் சரியாக எடுத்துக்கொள்ளும்.

உண்மையான சிக்கல் ஜாதக நோட்டில் இருக்கிறது. "பிரமாதி வருஷம் தை மாசம்" என்று எழுதியிருக்கும். கிராம்ப்ஸின் காலண்டர் பட்டியலில் கிரிகோரியன், ஜூலியன், ஹீப்ரு, இஸ்லாமிய, பாரசீக முறைகள் எல்லாம் உண்டு, தமிழ் முறை இல்லை. (முஸ்லிம் குடும்பங்களுக்கு ஹிஜ்ரித் தேதியை அப்படியே போட முடியும், அது பெரிய வசதி.) ஆக நாமேதான் மாற்ற வேண்டும். அறுபது வருஷச் சுற்றில் பிரமாதி 1999, 1939, 1879 மூன்றிலும் வந்திருக்கிறது. எந்தச் சுற்று என்பதை அவருடைய பிள்ளைகளின் வயதை வைத்து முடிவு செய்யலாம். 1939 என்று முடிவானால் அவசரப்பட்டு 1939 ஜனவரி என்று போட்டுவிடாதீர்கள். தமிழ் வருஷம் சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில் பிறக்கிறது, அதனால் பிரமாதி வருஷத்துத் தை வருவது 1940 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. மார்கழி பின்பாதி, தை, மாசி, பங்குனி என்றால் எப்போதும் ஒரு வருஷம் கூடும். இந்த ஒன்றைக் கவனிக்காததால் அண்ணன் தம்பி வரிசையே மாறிப்போன குடும்ப மரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதை ஏற்றுகிற முறை: தேதிப் பெட்டிக்குப் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்துங்கள். டைப் என்ற இடத்தில் ரேஞ்ச் தேர்ந்து, இரண்டு தேதிகளையும் போடுங்கள். குவாலிட்டியில் கால்குலேட்டட் என்று வையுங்கள். கீழே டெக்ஸ்ட் கமென்ட் என்ற பெட்டியில் "பிரமாதி வருஷம் தை மாசம்" என்று ஜாதகத்தில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். நீங்கள் செய்த கணக்கு தப்பாக இருந்தாலும் மூலம் அங்கே இருக்கிறது, பின்னால் வருபவர் திருத்திக்கொள்வார்.

நாஞ்சில் நாட்டுக் குடும்பமா? கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக்கணக்கு இருக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824, அதற்குப் பிறகு 825 கூட்டுங்கள். கொல்லம் 1115 என்பது 1939 ஆகஸ்டில் தொடங்கி 1940 ஆகஸ்ட் வரை.

எழுதி வைத்த எதுவுமே இல்லாமல், "தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப உங்க அம்மா கைப்பிள்ளை" என்று மட்டும் பெரியம்மா சொல்கிறாரா? அது அருமையான ஆதாரம். புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவு. அபவுட் 1964 என்று போட்டு, அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே கமென்டில் எழுதுங்கள். காந்தி சுடப்பட்டது 1948 ஜனவரி 30, அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3, காமராஜர் இறந்தது 1975 அக்டோபர் 2. "எந்த வருஷம் பிறந்தீங்க" என்று கேட்டால் தெரியாது என்பவர்கள், "அண்ணா செத்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆகிடுச்சா" என்றால் பளிச்சென்று பதில் சொல்வார்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்த தேதி

பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, ஜாதகத் தேதி ஒன்று. நம் ஊரில் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் ஏன் இத்தனை பேர் என்பதற்கு அதுதான் காரணம். இரண்டில் ஒன்றை அழிக்கத் தேவையே இல்லை. ஈவென்ட்ஸ் தாவலில் பர்த் நிகழ்வை இரண்டு முறை சேர்க்கலாம், பட்டியலில் மேலே இருப்பதைத்தான் மென்பொருள் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்ளும், அம்புக்குறியால் ஏற்றி இறக்கலாம். ஜாதகத்தை மேலே வையுங்கள். கீழே உள்ளதற்கு "டி.சி.யில் உள்ள தேதி" என்று விவரம் எழுதிவிடுங்கள், ஏனென்றால் பென்ஷன், பாஸ்போர்ட் எல்லாம் அந்தத் தேதியில்தான் இருக்கும், நாளைக்கு அரசு ஆவணம் எதையாவது தேடும்போது அதுதான் உதவும். ஒவ்வொன்றுக்கும் சைட்டேஷன், அதாவது எந்த ஆதாரத்திலிருந்து எடுத்தது என்ற குறிப்பு சேர்த்து, நம்பகத்தன்மை அளவையும் குறிக்கலாம்.

ஊர் ஒன்று, மாவட்டம் மூன்று

மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமம் என்றால் தாத்தா பிறந்தபோது தஞ்சாவூர் மாவட்டம், 1991-க்குப் பிறகு நாகப்பட்டினம், 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறை மாவட்டம். இதற்காக ஒரே கிராமத்தை மூன்று தடவை ஏற்றி வைத்திருப்பவர்கள் பலர், அப்புறம் அந்த ஊரில் பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்டால் மூன்று துண்டாகப் பதில் வரும். கிராமத்தை ஒரே இடமாக வையுங்கள். பிளேஸ் திருத்தியில் என்க்ளோஸ்டு பை என்ற தாவலில் மூன்று மாவட்டங்களையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எப்போதிலிருந்து எப்போது வரை என்று தேதி கொடுங்கள். நிகழ்வின் தேதியைப் பார்த்து அந்தக் காலத்து மாவட்டத்தை மென்பொருளே காட்டும். மாயவரம், மாயூரம் போன்ற பெயர்களை ஆல்டர்னேட்டிவ் நேம்ஸில் போட்டுவிடலாம். ஏற்கெனவே மூன்றாக ஏற்றியிருந்தால் கன்ட்ரோல் விசையோடு இரண்டு இரண்டாகத் தேர்ந்து மெர்ஜ் செய்து ஒன்றாக்குங்கள்.

ஒரே ஆள் படத்தில் இரண்டு இடத்தில் நிற்கிறார்

இது பிழையே இல்லை. அத்தை மகனையோ மாமன் மகளையோ கட்டியிருந்தால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே தாத்தா பாட்டி வருவார்கள், மூதாதையர் படம் அவர்களை இரண்டு கிளையிலும் வரையும். தாய்மாமனைக் கட்டிய வீட்டில் இன்னும் சுவாரசியம், ஒரே தம்பதி ஒரு கிளையில் தாத்தா பாட்டியாகவும் இன்னொரு கிளையில் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டியாகவும் இருப்பார்கள். இதைப் பார்த்துப் பயந்து ஒருவரை இரண்டு ஆளாகப் பதிவு செய்துவிடாதீர்கள். ஒருவருக்கு ஒரு பதிவுதான். ரிப்போர்ட்ஸ் மெனுவில் ரிலேஷன்ஷிப் கிராஃப் எடுத்தால் ஒவ்வொருவரும் ஒரே தடவை வருவார்கள், கோடுகள் மட்டும் குறுக்கே போகும். நம் குடும்பங்களுக்கு விசிறிப் படத்தைவிட அதுதான் உண்மையைக் காட்டும் என்பது என் கருத்து.

உறவு முறையில் ஒரு குறை இருக்கிறது. பெரியப்பா மகனும் மாமன் மகனும் அதற்கு ஒன்றுதான், இருவரையும் ஃபர்ஸ்ட் கசின் என்று சொல்லிவிடும். ஒருவர் அண்ணன், இன்னொருவர் கட்டிக்கொள்ளும் முறைக்காரர் என்கிற வித்தியாசம் அதில் வராது. டூல்ஸ் மெனுவில் ரிலேஷன்ஷிப் கால்குலேட்டர் திறந்தால், கணவன் மனைவி என்பதோடு ரத்த உறவையும் சேர்த்து எல்லா வழியையும் வரிசையாகச் சொல்லும், பொதுவான மூதாதையர் யார் என்றும் காட்டும். அதைப் பார்த்துவிட்டு, அசோசியேஷன்ஸ் தாவலில் "அத்தை மகன்", "தாய்மாமன்" என்று தமிழிலேயே அடித்துச் சேர்க்கலாம், அந்தப் பெட்டி எதை எழுதினாலும் ஏற்கும்.

அதேபோல நிகழ்வுகளிலும் பட்டியலில் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஈவென்ட் வகையில் "காதுகுத்து" என்று நீங்களே அடியுங்கள். அந்த நிகழ்வைத் தாய்மாமனுடைய பதிவிலும் பகிர்ந்து, ரோல் என்ற இடத்தில் "மடியில் வைத்தவர்" என்று எழுதுங்கள். மாமன் இல்லாத வீட்டில் யார் மடி கொடுத்தார் என்பது அந்தக் குடும்பத்தின் பெரிய கதையாக இருக்கும், வேறு எந்தப் பெட்டியிலும் அது அடங்காது.

சுவீகாரம் போன பிள்ளைக்கு இரண்டு பெற்றோர் எப்படிப் போடுவது என்றும் பலர் முழிக்கிறார்கள். பிள்ளையை இரண்டு குடும்பத்திலும் சேர்க்கலாம். பெற்றவர்களிடத்தில் உறவு வகை பர்த், வளர்த்தவர்களிடத்தில் அடாப்டட்.

வெரிஃபை த டேட்டா எச்சரிக்கையாகக் கொட்டுகிறது

தகவலில் முரண் தேடும் இந்தக் கருவி சிறுவயதுக் கல்யாணம், கணவன் மனைவிக்கு ஒரே சர்நேம், வயது வித்தியாசம் அதிகம் என்றெல்லாம் சொல்லும். சர்நேமில் ஊர்ப்பெயர் போட்டிருந்தால் இரண்டாவது வந்தே தீரும். சிறுவயதுக் கல்யாணமும் பழைய தலைமுறையில் நடந்ததுதான். சாரதா சட்டமே 1929-ல் வந்தது, 1930 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் பெண்ணுக்கு 14 வயது என்றுதான் சொன்னது. எச்சரிக்கை போக வேண்டும் என்பதற்காகப் பாட்டியின் வயதைக் கூட்டிப் போடுவது பெரிய தவறு, அந்தக் காலத்துப் பெண் பிள்ளைகள் பட்டதை அழிக்கிற வேலை அது. பார்த்து உறுதி செய்ததைக் குறியிட்டு மறைத்துவிடலாம், அதற்குப் பொத்தான் இருக்கிறது. மகனைவிட அப்பா இளையவர், செத்த பிறகு கல்யாணம் என்று வருவதை மட்டும் விடாமல் பிடியுங்கள், பெரும்பாலும் மேலே சொன்ன அறுபது வருஷச் சுற்றுதான் காரணமாக இருக்கும்.

தாத்தா பேரன் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள்

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், அதனால் இரட்டைப் பதிவு தேடும் கருவி இரண்டு முத்தையாவையும் ஒரே ஆள் என்று காட்டும், நீங்களும் அவசரத்தில் மெர்ஜ் அழுத்தியிருப்பீர்கள். மென்பொருளை இன்னும் மூடவில்லை என்றால் எடிட் மெனுவில் அன்டூ ஹிஸ்டரி உங்களைக் காப்பாற்றும். மூடிவிட்டால் அந்த வரலாறு போய்விடும், பேக்கப்பை ஒரு புதிய காலி மரத்தில் இம்போர்ட் செய்து, பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்த வேண்டியதுதான்.

பெயர் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் வரவில்லை

தமிழில் மட்டும் வருகிற தலைவலி. "ஔவை" என்று ஒருவர் அடித்திருப்பார், "ஒளவை" என்று இன்னொருவர், அதாவது ஒ என்ற எழுத்தும் ள என்ற எழுத்தும் தனித்தனியாக. திரையில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. கௌரி, சௌந்தரம், மௌனகுரு எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. ஸ்ரீ இன்னும் மோசம், ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே தெரியும். போனில் அடித்ததும் கணினியில் அடித்ததும் கலந்தால் இப்படி ஆகும். "ஸ்ரீனிவாசன்" கிடைக்காவிட்டால் "னிவாசன்" என்று மட்டும் தேடிப் பாருங்கள், ஒளிந்திருப்பவர் எல்லாம் வெளியே வருவார்கள். ஒரு வடிவத்தை முடிவு செய்து அதையே நகலெடுத்து ஒட்டுங்கள். இராமசாமி, ராமசாமி போன்றவற்றில் பத்திரத்தில் உள்ளதை மாற்றுப் பெயராகச் சேர்த்தால் போதும்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக, புரியாத ஆங்கிலமாக

மூன்றும் வேறு வேறு நோய். அறிக்கையில் கட்டம் வந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள், ரிலேஷன்ஷிப் கிராஃபில் ஃபான்ட் ஃபேமிலியை ஃப்ரீசான்ஸ் என்று மாற்றுங்கள், அந்த எழுத்துருவைக் கணினியிலும் நிறுவியிருக்க வேண்டும். மற்ற அறிக்கைகளில் ஸ்டைல் பகுதியில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைக் கொடுங்கள்.

கேள்விக்குறி வந்தால் வேறு மென்பொருளிலிருந்து ஜெட்காம் (குடும்ப மரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வடிவம்) கோப்பாக வெளியே எடுத்தபோதே தமிழ் அழிந்துவிட்டது, இந்தப் பக்கம் என்ன செய்தாலும் திரும்பாது. பழைய மென்பொருளுக்கே போய் எழுத்துமுறையை யூடிஎஃப்-8 என்று தேர்ந்து மறுபடி எடுங்கள்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாக இருந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பழைய குறிப்புகளில் இது நிறைய வரும். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றிவிட்டு, பெயர்களை மட்டும் ஒரு முறை கண்ணால் சரிபாருங்கள்.

கணினி மாற்றினேன், போட்டோ எல்லாம் காணோம்

கிராம்ப்ஸ் படத்தை உள்ளே வைப்பதில்லை, படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று முகவரியை மட்டும் வைத்திருக்கிறது. எல்லாப் படத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, ப்ரிஃபரன்சஸில் பேஸ் மீடியா பாத் என்று அதைக் காட்டி, டூல்ஸில் மீடியா மேனேஜர் வழியாக முகவரிகளை ரிலேட்டிவ் ஆக மாற்றிவிட்டால் அடுத்த முறை ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படம் சுருங்கி, எடுத்த தேதியையும் இழந்திருக்கும். உறவினரிடம் டாக்குமெண்ட் என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மரத்தில் பூட்டு தெரிகிறது

கரண்ட் போய் மென்பொருள் பாதியில் நின்றிருக்கும். வேறு எங்கும் அந்த மரம் திறந்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு பிரேக் லாக் கொடுங்கள், பிறகு டூல்ஸில் செக் அண்ட் ரிப்பேர் ஒரு முறை ஓட்டுங்கள்.

நாலு தலைமுறைக்கு மேல் பெட்டிகள் காலி

மென்பொருளில் தேட வேண்டாம், பீரோவில் தேடுங்கள். மொய் நோட்டு கையில் கிடைத்தால் விடாதீர்கள், ஒரு கல்யாணத்து நோட்டில் பெயர், ஊர், சில சமயம் இன்னார் மகன் என்பதோடு நூற்றுக்கணக்கான உறவுகள் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, முழு நோட்டையும் ஒரே சோர்ஸாகப் பதிந்து, பக்க எண்ணை சைட்டேஷனில் போடுங்கள். திவசம் கொடுக்கிற வீடுகளில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும், அதோடு இறந்த மாதமும் திதியும் கிடைக்கும். கூடவே வருஷமும் தெரிந்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்து இறந்த நாளையே கண்டுபிடித்துவிடலாம். பாகப்பிரிவினைப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, எவர்சில்வர் பாத்திரத்தில் வெட்டிய பெயரும் தேதியும்கூட ஆதாரம்தான்.

அறிக்கையை அனுப்பியதும் சொந்தக்காரர் சண்டைக்கு வருகிறார்

அவர் கோபம் நியாயமாகத்தான் இருக்கும். பதிவுகளில் உள்ள பூட்டுச் சின்னத்தை அழுத்தினால் அது பிரைவேட் ஆகும். வெளியே அனுப்பும்போது பிரைவேட் பதிவுகளை விலக்கச் சொல்லியும், உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை மறைக்கச் சொல்லியும் எக்ஸ்போர்ட் பக்கத்திலேயே தேர்வுகள் உண்டு. அப்படிச் செய்ததும் கொள்ளுத்தாத்தாவும் சேர்ந்து மறைந்துவிட்டால், அவருக்கு இறப்பு நிகழ்வே இல்லாததால் இன்னும் உயிரோடு இருக்கலாம் என்று மென்பொருள் நினைக்கிறது. டெத் நிகழ்வு ஒன்று சேர்த்து, அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு வருஷத்தை, பிஃபோர் 1950 என்பதுபோலக் கொடுத்து, மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.